ரிவிட் என்ற சொல்லுக்குப் பொருள்

ஜூன் 3

வணக்கம்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது மூன்றாவது. ஆறு வருடம் கழித்து எழுதுகிறவள் நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். நலம்தானே? நான் நலம்.

போன வாரம் உங்களுக்குப் போன் செய்தேன். எடுத்தீர்கள். நான்தான் பேசுகிறேன் என்றேன். இரண்டு தடவை ஹலோ சொன்னீர்கள், வைத்துவிட்டீர்கள். என் குரல் அவ்வளவு கசக்கிறது என்றால் என் கையெழுத்தாவது கசக்காமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், குடும்ப விஷயம் இல்லை. வேலை விஷயம்.

நான் இப்போது ஆங்கில–தமிழ் அகராதி ஒன்றைப் புதுப்பிக்கும் அலுவலகத்தில் இருக்கிறேன். மாடியில் நீளமான அறை, ஏழு மேஜை, ஒரே ஜன்னல். ஜன்னலோர மேஜை எனக்கு இல்லை. எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுப்பார்கள், இந்த மாதம் எனக்கு ‘ஆர்’. அதில் ‘ரிவெட்டிங்’ என்ற சொல்லில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒரு பேச்சோ கதையோ ஆளை எழுந்திருக்க விடாமல் உட்கார வைத்துவிட்டால் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். பழைய பதிப்பில் ‘ஆணி அறைகிற, கவனத்தைக் கவர்கிற’ என்று மட்டும் போட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே என்ன உறவு என்று ஒரு குறிப்பு வேண்டும் என்கிறார் தலைமை ஆசிரியர். “உங்கள்ல யாராவது ரிவிட் அடிச்சுப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டார். ஏழு மேஜையும் தலையைக் குனிந்துகொண்டது. எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று என் வாய்தான் முந்திக்கொண்டது.

பத்து வருடம் உங்கள் வேலைத்துணியைத் துவைத்திருக்கிறேன். அந்த வேலை என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். பாலத்தில் ஒரு ரிவிட்டை எப்படி அடிக்கிறீர்கள்? சாதாரண ஆணிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? விவரமாக எழுதினால் உதவியாக இருக்கும். சுருக்கமாக எழுதினாலும் சரி. எழுதாவிட்டால் அதையும் புரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும், நான்தான்.


ஜூன் 12

வாயாடிக்கு,

கல்யாணமான புதிதில் வைத்த பேர்தான் வருகிறது. பிடிக்காவிட்டால் அடித்துவிட்டு மேலே படி.

நலம். போன் லைன் சரியில்லை, பட்டறைப் பக்கம் டவர் கிடைப்பதில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. காகிதமே நல்லது. குறுஞ்செய்தி அடிக்க என் விரலுக்கு அந்தப் பொத்தான்கள் பத்தாது.

ஆணி அறைவது என்பது தப்பு. பழைய அகராதி எழுதினவர் பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆணி குத்தினால் போகும், பிடுங்கினால் வரும். ரிவிட் அப்படி இல்லை. வரும்போது அதற்கு ஒரு தலைதான். இரண்டு தகட்டின் ஓட்டையையும் நேராக வைத்துக்கொண்டு, ரிவிட்டை உலையில் செக்கச்செவேலென்று காயவைத்து, இடுக்கியால் எடுத்து ஓட்டையில் விடுவோம். பின்பக்கம் என் ஜோடிக்காரன் கனமான இரும்பை வைத்துத் தலைக்கு முட்டுக்கொடுப்பான். இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற வாலை நான் காற்றுச் சுத்தியால் அடித்து நசுக்கி, இன்னொரு தலையாக்குவேன். சூடு இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். அப்புறம் அது ஆறும். ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது இரண்டு தகட்டையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். நான் அடித்தது பாதி, அது ஆறினது பாதி. பிறகு தகடு அசையாது. கழற்ற வேண்டும் என்றால் தலையை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

நம் ஆட்கள் வாயில் இந்தச் சொல் படுகிற பாட்டையும் உன் ஆசிரியரிடம் சொல். ‘வச்சான் பாரு ரிவிட்டு’ என்றால் ஆளைக் கவிழ்த்துவிட்டான் என்று அர்த்தம். ஒரே ரிவிட்தான். இங்கிலீஷ்காரன் கதை கேட்டு வாய் பிளந்து உட்கார்ந்திருக்கிறான், நாம் ஏமாந்துபோய் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கிறோம்.

வேறு கேட்பதாக இருந்தால் எழுது. வேலை விஷயம்தானே.

சுத்தி
(பட்டறையில் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்)


ஜூன் 20

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தலைமை ஆசிரியர் எழுந்து நின்று எல்லோருக்கும் படித்துக் காட்டினார். மேல் பாதியை நான் முன்கூட்டியே மடித்துக் கொடுத்துவிட்டேன். ‘நான் அடித்தது பாதி, அது ஆறினது பாதி’ என்ற இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கல்யாணமும் இப்படித்தானே என்று பக்கத்து மேஜைக்காரி ஆரம்பித்தாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன். ‘வச்சான் பாரு ரிவிட்டு’ வந்தபோது ஆசிரியர் இருமல் வரும்வரை சிரித்தாராம், எனக்குப் படிக்கட்டுவரை கேட்டது.

இப்போது ஆணி அறைதல் போய்விட்டது. ஆணியின் முனையை அடித்துப் பரப்புவதற்குத் தமிழில் ‘தறைதல்’ என்றே ஒரு சொல் இருக்கிறது. தறையாணி என்றால் உங்கள் ரிவிட். ஆங்கிலத்துக்கு ரிவிட் பழைய பிரெஞ்சிலிருந்து வந்திருக்கிறது. அங்கே ஆணியின் முனையை மடக்கி இறுக்குவது என்று பொருள். அதற்கும் முன்னால் கரை, விளிம்பு என்ற பொருளுள்ள சொல்லில் பிறந்திருக்கலாம் என்கிறார்கள், உறுதி இல்லை. முதலில் தகட்டைத் தறைந்தார்கள். பிறகு கண்ணை ஒருவர் முகத்தின் மேல் தறைந்தார்கள். கடைசியில் ஒரு பேச்சே கேட்கிறவனைத் தறைய ஆரம்பித்தது. இதை நாலு வரியில் எழுத எனக்கு நாலு நாள் ஆனது.

உதாரண வாக்கியம்தான் மிச்சம். ‘அவள் சொன்னதை அவன் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான்’ என்று எழுதினேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். வேலை விஷயம் என்று சொல்லித்தான் தொடங்கினேன், ஆனால் பேனாவுக்கு அது தெரியவில்லை. இனி நான் எழுதப்போவது பிடிக்காவிட்டால் நீங்களும் அடித்துவிட்டுப் படியுங்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அன்று காலை தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். நீங்கள் வாசலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, “அம்மா போயிட்டாங்க” என்றேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சரி, சாயங்காலம் வாங்கிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனீர்கள். நான் தனியாகப் பஸ் ஏறினேன். மூன்றாம் நாள் பட்டறை ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தீர்கள். அத்தனை பேர் முன்னாலும் உங்களுக்கு நேராக நின்று கேட்டேன்: “நான் சொன்னது உங்க காதுல விழலையா?”

“கவனிக்காம இருந்துட்டேன்” என்றீர்கள்.

அந்த ஒரு சொல்தான். அதற்குப் பிறகு நான் நம் வீட்டுக்குத் திரும்பவில்லை. கவனம் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று இப்போது எனக்கு அத்துப்படி. என் அம்மா செத்த சேதிக்கு அதில் ஒன்றாவது எனக்குக் கிடைத்திருக்கக் கூடாதா?

பதில் எதிர்பார்க்கவில்லை. சொல்லுக்குப் பொருள் சொன்னதற்கு நன்றி.

நான்


ஜூலை 2

வாயாடிக்கு,

எனக்குக் காது கேட்காது.

இந்த வரியை எழுதிவிட்டு வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன். இதுவரை ஒருவருக்கும் நானாகச் சொன்னதில்லை. போன மாதம் இருபத்தாறாம் தேதி சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதை முதலில் எழுதுகிறேன்.

அன்று பாலத்தில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தேன். வண்டி வந்தால் காவல் ஆள் விசில் ஊதுவான், எல்லோரும் ஒதுங்க வேண்டும். இத்தனை வருடமும் ஜோடிக்காரன் எழுந்தால் நானும் எழுந்துவிடுவேன், அப்படியே ஓட்டிவிட்டேன். அன்று அவன் எனக்குப் பின்னால் இருந்தான். விசில் மூன்று தடவை ஊதினதாகச் சொல்கிறார்கள். ஜோடிக்காரன் பாய்ந்து வந்து என் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் ஓரத்துப் பலகையில் விழுந்தோம். வண்டி போய்விட்டது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவனுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. வலியில் அவன் வாய் திறந்திருந்தது. அவன் கத்துகிறான் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கே இன்ஜினியரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

இடது காது போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. வலது காது எட்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இரும்புத் தகடுகளுக்கு நடுவே உட்கார்ந்து சுத்தி அடிக்கிறவனுக்கு வேறு எப்படி இருக்கும்? வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். பொத்தானை அழுத்துகிறவர் விரலைக் கண்ணாடியில் பார்த்துத் தூக்கிவிடுவேன். விசில் கேட்காதவனைப் பாலத்தில் ஏற்ற மாட்டார்கள். எனக்கு வேறு வேலை தெரியாது.

அன்று காலை நீ சொன்னதில் கடைசியில் ‘ங்க’ என்று ஏதோ காதில் பட்டது. முந்தின நாள் சோப்பு தீர்ந்திருந்தது. சோப்பு வாங்கிட்டு வாங்க என்கிறாய் என்று நினைத்தேன். சாயங்காலம் இரண்டு சோப்போடு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. கோபித்துக்கொண்டு எங்கேயோ போயிருக்கிறாய் என்று ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மறுநாள் உன் தம்பி அனுப்பின ஆள் வந்துதான் சேதி தெரியும்.

உன் தம்பி வீட்டில் நீ கேட்டபோது பட்டறை ஆட்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். காது கேட்காது என்று சொன்னால் அது மறுநாளே இன்ஜினியர் வரை போகும். செவிடன் என்று பேர் வாங்குவதைவிடத் திமிர்பிடித்தவன் என்று பேர் வாங்கிக்கொள்ளலாம் என்று அந்த நிமிஷம் தோன்றிவிட்டது. பிறகு தனியாக வந்து உன்னிடம் உண்மையைச் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு என்பது வரவே இல்லை.

இப்போது என்னைச் சாமான் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். எண்ணெய், கையுறை, போல்ட் எடுத்துக்கொடுக்கிற வேலை.

சுத்தி


ஜூலை 10

உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. அலுவலகத்தில் என் மேஜையில் ஒரு சொல்கூட நகரவில்லை.

ஆறு வருடமாக நான் யாரை வெறுத்துக்கொண்டிருந்தேன்? அப்படி ஓர் ஆளே இல்லை என்று இப்போது சொல்கிறீர்கள். அந்தக் கல்நெஞ்சுக்காரனை நினைத்துத்தான் நான் வீடு பார்த்தேன், வேலை தேடினேன், ஒற்றைத் தட்டில் சாப்பிடப் பழகினேன். அவன் மேல் இருந்த கோபத்தில்தான் காலையில் எழுந்திருப்பேன். இப்போது அதுவும் இல்லை.

காது கேட்காதவரோடு நான் குடும்பம் நடத்தியிருப்பேன். பலகை வாங்கி எழுதிக் காட்டியிருப்பேன். கையை ஆட்டிப் பேசியிருப்பேன், எனக்கா பேச வழி தெரியாது? நீங்கள் கேட்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து ஒரு தாளில் ‘காது கேட்காது’ என்று இரண்டு சொல் எழுதிப் போட்டிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தீர்கள். நான் போனது பரவாயில்லை, அப்படித்தானே? உங்கள் ஜோடிக்காரர் கை முறிந்த அன்றே உண்மையைச் சொல்லிவிட்டீர்கள். எனக்கு எதுவும் முறியவில்லை என்று நினைத்தீர்களா?

இத்துடன் வக்கீல் தயார் செய்த காகிதம் இருக்கிறது. ஒரு வருடமாக என் அலமாரியில் இருந்தது. பென்சிலில் குறியிட்ட மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். இது கோபத்தில் செய்வதில்லை. கோபத்தில்தான் செய்கிறேன், ஆனால் யோசித்தும் செய்கிறேன்.

நான்


ஜூலை 18

வாயாடிக்கு,

கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று இடத்திலும். இரண்டாவதில் மை கொஞ்சம் இழுத்துவிட்டது, வக்கீல் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் வேறு காகிதம் அனுப்பு.

நீ எழுதினது எல்லாம் சரி. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், நீ கேட்டதால் இல்லை, நானாக.

கடைசி இரண்டு வருடம் நீ பேசினதை நான் உன் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். “இப்படி முறைச்சு முறைச்சுப் பாத்தா எனக்குச் சாப்பாடு எப்படி இறங்கும்?” என்பாய். கண்ணை எடுத்தால் பாதிப் பேச்சு போய்விடும், அதனால்தான். நீ முகத்தைத் திருப்பினால் எனக்கு நீ பேசுவது நின்றுவிடும். அடுப்பைப் பார்த்துக்கொண்டு, துணியை உதறிக்கொண்டு நீ என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாய். முதுகு அசைவதை வைத்துப் பேசுகிறாய் என்று தெரியும். எனக்கு ‘ம்’ போட மட்டும் தெரியும். அதில் என்னவெல்லாம் இருந்ததோ. சில நாள் சாமான் அறையில் உட்கார்ந்து அதைத்தான் யோசிக்கிறேன்.

காதில் மாட்ட ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். மாட்டினால் போல்ட் விழுகிற சத்தம் மண்டையைப் பிளக்கிறது, மனுஷப் பேச்சு மட்டும் வருவதில்லை. மேஜை டிராயரில் கிடக்கிறது. உன் குரலை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். முகம் வருகிறது, வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ஜன்னலோர மேஜை கேட்டு வாங்கு.

சுத்தி


ஆகஸ்ட் 7

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று வக்கீலிடம் போகத்தான் அரைநாள் விடுப்பு எடுத்தேன். பஸ் மாறி ஏறிவிட்டேன் என்று சொன்னால் பொய். தெரிந்துதான் ஏறினேன்.

பட்டறை வாசலில் சாமான் அறை எது என்று கேட்டு வந்தேன். நீங்கள் கவுண்டருக்கு உள்ளே, அந்தப் பக்கம் திரும்பி நின்று பெட்டியிலிருந்த போல்ட்டை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். பின்கழுத்து நரைத்திருக்கிறது. ‘என்னங்க’ என்று கூப்பிட்டேன். இன்னொரு தடவை கொஞ்சம் சத்தமாக. மூன்றாவது தடவை கூப்பிட்டதில் வெளியே லாரிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் ஒரு போல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வேறு பெட்டியில் போட்டீர்கள்.

உண்மைதானா என்று பார்க்கத்தான் வந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. உங்கள் கடிதத்தை நம்பினேன், ஆனாலும் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

அப்போதே முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அங்கேயே கவுண்டரைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். அம்மா கடைசி நாள் உங்களைத்தான் விசாரித்தாள் என்று சொன்னேன். தம்பி வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் இருக்க முடியாமல் போனதைச் சொன்னேன். என் அறையில் பக்கத்து வீட்டு ரேடியோவைத் தவிர வேறு குரல் இல்லை என்று சொன்னேன். உங்களைத் திட்டினேன், எந்த அகராதியிலும் ஏற்றாத சொற்கள். கையில் மாவுக்கட்டோடு ஒருவர் உள்ளே வந்தார், உங்கள் ஜோடிக்காரராக இருக்க வேண்டும். உங்களைக் கூப்பிடப் போனவரை வேண்டாம் என்று தலையை ஆட்டி நிறுத்தினேன். நல்ல மனிதர், வெளியே போய் நின்றுகொண்டார். கடைசியில், “எனக்குத் தனியா இருக்க முடியலைங்க” என்றேன்.

ஆறு வருடத்தில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. காது கேட்காத முதுகிடம்தான் சொல்ல முடிந்தது. சொல்லிவிட்டு ஓடாத குறையாக வந்து பஸ் ஏறிவிட்டேன். மறைத்ததற்காக உங்களை இவ்வளவு திட்டினவள் நானும் மறைக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதம் என் பையில்தான் இருக்கிறது. வக்கீலிடம் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. மறுபடி வருவேனா என்று கேட்டால் தெரியாது. வந்தால் எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

நான்


ஆகஸ்ட் 11

வாயாடிக்கு,

நீ போன பிறகு ஜோடிக்காரன் வந்து என் தோளைத் தட்டினான். வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்: “ஒரு அம்மா வந்து உங்க முதுகுகிட்ட பேசிட்டுப் போறாங்க.” எவ்வளவு நேரம் என்றேன். விரலை எல்லாம் விரித்துக் காட்டினான், பத்து நிமிஷம். நீயாகத்தான் இருக்கும், வேறு யாருக்கு அவ்வளவு பேச இருக்கிறது? கவுண்டரைத் தாண்டிக் குதித்துப் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். மூன்று பஸ் நின்றிருந்தது. மூன்றிலும் ஏறி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு கண்டக்டர் என்னைப் பிடித்து இறக்கிவிட்டார். திட்டியிருப்பார்.

உன் கடிதம் இன்று வந்தது. நீ சொன்னதெல்லாம் இதில் இருக்கிறது, திட்டினதைத் தவிர. அதையும் எழுதியிருக்கலாம்.

காகிதத்தை என்ன வேண்டுமானாலும் செய். நான் கேட்க மாட்டேன்.

கூப்பிடுகிற விதம் மட்டும் சொல்லிவிடுகிறேன். சாமான் அறைக் கதவுக்கு வலது பக்கம், உன் தோள் உயரத்தில், ஒரு கறுப்பு சுவிட்ச் இருக்கிறது. என் தலைக்கு மேல் தொங்குகிற பல்புக்கு அதுதான். இரண்டு தடவை அணைத்துப் போட்டால் திரும்பிப் பார்ப்பேன். எட்டு மணியிலிருந்து நாலு மணிவரை இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆனால் சாவி என்னிடம்தான் இருக்கிறது, அன்றைக்கும் திறந்து வைக்கிறேன்.

சுத்தி